இரண்டு வயது அக்கா

(மயிலாப்பூரில் இளம் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கைக்குழந்தையின் வாழ்க்கை. கைக்குழந்தைக்கு என்ன பெரிய வாழ்க்கை, பால் குடிப்பதும் தூங்குவதும்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த வீட்டில் இரண்டு, இரண்டரை வயதில் ஓர் அக்கா இருந்துவிட்டால் கதையே வேறு. கண் விழித்தால் அக்கா முகம். அழுதால் முதலில் ஓடி வருவது அக்கா. குளிப்பாட்டும்போது சோப்பை எடுத்துக்கொடுக்க அக்கா. தூங்கிக்கொண்டிருந்தாலும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "பாப்பா முழிச்சிட்டா!" என்று அறிவிக்கவும் அக்கா.

என்னிடம் வரும் தாய்மார்கள் இதைப் புகாராகத்தான் சொல்கிறார்கள். "டாக்டர், பெரியவ இவனைச் சும்மாவே விட மாட்டேங்குறா. எப்பப் பாரு மேல விழுந்து கொஞ்சறா. பயமா இருக்கு." அந்தப் பயம் நியாயமானது. அதற்கு நாம் செய்யும் வைத்தியம்தான் சரியில்லை. "தொடாதே, தள்ளிப் போ, தூங்குறான், எழுப்பாதே" என்று விடிந்ததிலிருந்து அடையும்வரை அவளை விரட்டுகிறோம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அவளை விரட்டாதீர்கள். பாப்பாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள். ஏன் என்பதைத்தான் இனி விரித்துச் சொல்லப்போகிறேன்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக்கணக்கில் வகுத்துச் சொல்வது இன்றைய மருத்துவம் கண்டுபிடித்த வழக்கமல்ல. தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி ஆகிய ஏழு பருவங்கள் ஆண் பெண் இருவருக்கும் பொது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மேலும் மூன்று, பெண்பிள்ளைக்கு அம்மானை, ஊசல் முதலிய மூன்று என்று பத்தாக வகுத்தார்கள். காப்பு 3-ஆம் மாதம், செங்கீரை 5-ஆம் மாதம், தால் 7-ஆம் மாதம் என்று இரண்டிரண்டு மாத இடைவெளியில் 21-ஆம் மாதம்வரை கணக்கு போகும். கவிஞர்கள் பெரும்பாலும் தாயின் இடத்திலோ செவிலியின் இடத்திலோ நின்று பாடினார்கள். இன்று அந்தப் பருவங்களுக்குள் அக்காவை அழைத்துப்போக விரும்புகிறேன். நான் கண்ட வீடுகளில் எல்லாம் அந்தப் பருவங்கள் முழுவதிலும் அவள் இருந்திருக்கிறாள்.

முதலில் காப்பு. குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டும் பருவம். பிறந்த குழந்தைக்குக் கண் தெரியும், ஆனால் எட்டத்தில் இருப்பது மங்கல். ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. அப்பாவும் தாத்தாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி கொஞ்சுகிறார்கள். அவர்கள் முகம் பாப்பாவுக்கு ஒரு நிழல்தான். அக்காவின் உயரமோ கட்டிலின் உயரத்துக்குச் சற்று மேல். அவள் நின்றாலே முகம் மெத்தைக்கு அருகில் வந்துவிடுகிறது. யாரும் சொல்லித்தராமலே, பாப்பாவின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அவள் முகம் போய் நிற்கிறது.

குரலும் அப்படியே. வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களில் சிசுவுக்குக் காது கேட்கும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிகிறது என்று 1980-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று காட்டியது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்த மாதங்களில் அந்த வீட்டில் அதிகம் ஒலித்த குரல்களில் ஒன்று அக்காவுடையது. அம்மாவின் வயிற்றில் காதை வைத்து, "பாப்பா, வா!" என்று கூப்பிட்டவள் அவள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். அந்த முதற்சிரிப்புகளில் பல அவளுக்குத்தான் கிடைக்கின்றன என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வியப்பில்லை.

காப்புப் பருவம் என்பதால், காக்க வேண்டியவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் உச்சிக்குழி மூட ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுவரை ஆகும். கழுத்து நிற்க மூன்று, நான்கு மாதமாகும். அக்கா பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அவளைத் தரையில், சுவரோரம், காலை நீட்டி உட்கார வையுங்கள். அவள் மடியில் ஒரு தலையணை, அதன்மேல் பாப்பா, பாப்பாவின் தலைக்குக் கீழே உங்கள் கை. இரண்டு நிமிடம் போதும், அவள் ஆசை தீர்ந்துவிடும். தூளியை ஆட்ட அவள் வந்தால், விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்ட நீங்கள் கைபிடித்துக் காட்டுங்கள். தனியாக ஆட்டவிட்டால் அது சுவரில் போய் மோதும்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது. அக்காவோ தன் கையிலிருக்கும் முறுக்கில் பாதியைப் பாப்பாவுக்கு ஊட்டப் பார்ப்பாள். அவளைப் பொறுத்தவரை அது பெருந்தன்மை. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, திராட்சை, சின்ன மணி, பொத்தான் எதுவும் இருவரும் விளையாடும் இடத்தில் கிடக்கக்கூடாது. பிளேஸ்கூல் போகும் அக்கா சளியையும் இருமலையும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். வெளியிலிருந்து வந்ததும் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி பிடித்த நாட்களில் பாப்பாவின் முகத்துக்குப் பதிலாகக் காலில் முத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி பாப்பாவுக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படுகிறது. அக்காவுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊக்க ஊசி போட்டாகிவிட்டதா என்று அவள் அட்டையை எடுத்துப் பாருங்கள். அவள் ஊசி பாப்பாவுக்கும் அரண். இருவரையும் ஓர் அறையில் தனியே விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். இவ்வளவும் பெரியவர்களின் வேலை. இதைச் செய்துவிட்டால் அக்காவை விரட்ட வேண்டியிருக்காது.

அடுத்தது செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் பருவம். குப்புறப் படுக்க வைத்துத் தசைகளுக்கு வலுவேற்றுங்கள் என்று நாங்கள் இன்று சொல்வதும் இதே பருவத்துக்கான அறிவுரைதான்.

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாலை நேரம். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, ஐந்து மாதப் பாப்பாவைக் குப்புறப் போட்டிருந்தார்கள். இரண்டரை வயது அக்கா, தூங்கி எழுந்த கலைந்த தலையோடு வந்து பாப்பாவுக்கு எதிரே தானும் குப்புறப் படுத்தாள். முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளி. பக்கத்தில் கிடந்த பால் துடைக்கும் துணியை எடுத்துத் தன் முகத்தை மூடினாள். "பாப்பா... அக்கா காணோம்!" துணியை இழுத்தாள். "இதோ இருக்கா!" பாப்பா கையையும் காலையும் உதறி, உடம்பெல்லாம் சிரித்தது. தலை தாழ்ந்து பாயில் முட்டியது. மறுபடி துணி முகத்துக்குப் போனதும், எங்கே அக்கா என்று பார்க்க, தலை தானாக நிமிர்ந்தது. பாட்டி எழுந்துபோய்ப் பால் காய்ச்சி, காபி கலந்து, எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டம் அப்போதும் ஓயவில்லை. அதே துணி, அதே வார்த்தை, அதே சிரிப்பு.

குழந்தையின் மூளை வளர எது வேண்டும் என்று கேட்டால் நான் மூன்றைச் சொல்வேன். முகம் அருகில் வர வேண்டும். குரலிலும் முகத்திலும் உணர்ச்சி மிகையாகத் தெரிய வேண்டும். ஒரே காரியம் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். பெரியவர்களுக்கு முதலிரண்டும் முடியும், மூன்றாவது முடியாது. நாலைந்து முறைக்குமேல் நமக்கு அலுப்புத் தட்டிவிடும், கை செல்போனைத் தேடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அலுப்பே கிடையாது. அவளும் அதே கதையை நூறு முறை கேட்கும் வயதில் இருப்பவள். பாப்பா எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க இயற்கையிலேயே ஆயத்தமாக இருப்பவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. தன் பலம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. கட்டிக்கொண்டால் கழுத்து நெரியும்வரை கட்டிக்கொள்வாள். அந்த அளவை நாம் அருகில் இருந்து சொல்லித்தர வேண்டும். "மெதுவா, இப்படி" என்று அவள் கையைப் பிடித்துப் பாப்பாவின் முதுகைத் தடவிக் காட்டினால், சில நாட்களில் அவளே தடவுவாள்.

சின்னக் குழந்தைகள் தங்களைவிடச் சின்னவர்களோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் ஜூடி டன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் முக்கியமானவர். கரோல் கென்ட்ரிக் என்பவரோடு சேர்ந்து, கேம்பிரிட்ஜ் பகுதியில் இரண்டாவது குழந்தை பிறந்த 40 குடும்பங்களை வீடு தேடிப் போய்க் கவனித்தார். 1982-இல் அது புத்தகமாக வந்தது. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள்கூட, அம்மாவிடம் பேசும்போது ஒரு மாதிரியும், பாப்பாவிடம் பேசும்போது வாக்கியத்தைச் சுருக்கி, சொன்னதையே திரும்பச் சொல்லியும் பேசினார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. தானே இன்னும் முழுதாகப் பேசத் தெரியாத குழந்தை, தன்னைவிடத் தெரியாதவருக்காகப் பேச்சை மாற்றிக்கொள்கிறது. இதைவிட நுட்பமான அன்பு வேறென்ன இருக்க முடியும்?

தால் பருவம். தாலாட்டும் பருவம், பேச்சு அரும்பும் பருவம். சட்டப்படி தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் தாய்க்கு முதலிரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதாவது செங்கீரை முடிந்து தால் தொடங்கும் வேளையில் நம் சென்னைத் தாய்மார்களில் பலர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். பாப்பாவின் நாள் அன்றோடு மாறிப்போகிறது. பாட்டியோ ஆயாவோ குழந்தை காப்பகமோ வந்து சேரும். அந்த மாற்றத்திலும் மாறாமல் இருக்கும் முகம் அக்காவுடையது. அவள் பிளேஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே பாப்பா வாசலைப் பார்த்துக் கையை ஆட்டும்.

"அக்கா எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கிறாள். இவனுக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை, பேச்சு தாமதமாகுமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. முதற்பிள்ளைகள் சொற்களைச் சேர்ப்பதில் கொஞ்சம் முந்துவது உண்டுதான். ஆனால் கனடாவில் நடந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இரண்டாம் பிள்ளைகள், 'நான், நீ' போன்ற சொற்களை ஆளுவதில் முதற்பிள்ளைகளைவிட முன்னே இருந்தார்கள். காரணம் எளிது. அம்மா தன்னிடம் 'நீ' என்று சொல்வதை மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு 'நீ' என்பது தன் பெயர்போலத் தோன்றும். அம்மா அக்காவைப் பார்த்து 'நீ' என்கிறாள், அக்கா அம்மாவைப் பார்த்து 'நீ' என்கிறாள் என்பதை ஓரமாகப் படுத்துக் கேட்கும் குழந்தைக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடுகிறது. அக்காவிடம் பேசிய பேச்சும் பாப்பாவுக்குப் பாடம்தான்.

சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. 9-ஆம் மாதத்திலிருந்து 15-ஆம் மாதம்வரை நீளும் இந்த நான்கும் அக்காவுக்குப் பொற்காலம். கை கொட்டச் சொன்னால் பாப்பா கொட்டுகிறது. முத்தம் கேட்டால் எச்சில் வழிய வாயைத் திறந்துகொண்டு வருகிறது. நாலடி தள்ளி நின்று கையை நீட்டி "வா, வா" என்றால் தத்தித் தத்தி வந்து மடியில் விழுகிறது. மொட்டைமாடியில் நிலாவைக் காட்டினால் அக்காவின் விரலைப் பார்ப்பதை விட்டு, விரல் காட்டும் திசையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. பெரியவர்கள் நடப்பதும் ஓடுவதும் பாப்பாவுக்கு எட்டாத வித்தை. அக்கா செய்வது நாளைக்குத் தானும் செய்யக்கூடியது. நாகேஸ்வரராவ் பூங்காவில் மாலையில் போய்ப் பாருங்கள். சறுக்குமரத்தின் அடியில் நின்று மேலே ஏறும் அக்காவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கைக்குழந்தைகளைக் காணலாம்.

தாய் சற்று நேரம் அறையைவிட்டு வெளியே போனால், அழும் தம்பி தங்கையை மூத்த குழந்தை தேற்றுகிறதா என்று 1983-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளிப் பருவத்தையே எட்டாத அந்த மூத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போய் அணைத்துத் தேற்றினார்கள். மீதிப் பாதிப் பேர் செய்யவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இந்த அன்பு எல்லா வீட்டிலும் தானாகவே விளைந்துவிடுவதில்லை.

இனிச் சிற்றில். இந்தப் பருவத்தில்தான் பிள்ளைத்தமிழ் கவிஞர்கள் தாயின் குரலை விட்டுச் சிறுமியரின் குரலுக்கு வருகிறார்கள். சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுகிறார்கள். தளர்நடையாக வரும் ஆண்பிள்ளை அதைக் காலால் சிதைக்கிறான். எங்கள் வீட்டை அழிக்காதே என்று அவர்கள் வேண்டுகிறார்கள். நம் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் நடப்பதும் இதுதான். அக்கா அரைமணி நேரம் பாடுபட்டுக் கட்டை அடுக்கிக் கோபுரம் கட்டுவாள். பாப்பா தவழ்ந்து வந்து ஒரே தட்டில் சாய்த்துவிட்டுச் சிரிக்கும். அவள் அலறுவாள், சில சமயம் அடித்தும் விடுவாள். அப்போது நாம் சொல்வது என்ன? "சின்னக் குழந்தைடி, நீதானே பெரியவ, விட்டுக்கொடு."

அவளுக்கு மூன்று வயது ஆகவில்லை. மூன்று வயது ஆகாத ஒருத்திக்குப் பெரியவள் என்ற பட்டத்தைக் கொடுத்து, அந்தப் பட்டத்தின் பெயரால் நாள்தோறும் அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். அவள் உழைப்புக்கும் ஒரு மரியாதை வேண்டும். சாப்பாட்டு மேஜையின்மேல், பாப்பாவின் கை எட்டாத இடத்தில், அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள். கோபுரம் விழுந்தால், "நீ எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினே! வா, திரும்பக் கட்டலாம்" என்று உட்காருங்கள். இந்தச் சண்டையும் வீணல்ல. அடுத்தவர் மனத்தில் வேறொரு எண்ணம் இருக்கலாம் என்ற அறிவு, உடன்பிறந்தாரோடு வளரும் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாக வருகிறது என்று 1994-இல் வெளிவந்த ஆய்வொன்று சொல்கிறது. அவள் கோபப்படுவதைப் பார்த்துத்தான், தன் ஆசை ஒன்று, அக்காவின் ஆசை வேறு என்று பாப்பா படித்துக்கொள்கிறது.

இனி அந்த அக்காவின் பக்கத்துக்கு வருகிறேன். பாப்பாவின் வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டுமானால் அக்காவின் மனம் நன்றாக இருக்க வேண்டும். நேற்றுவரை அம்மாவின் மடி அவளுடையது. இன்று அதில் வேறொருவர். இரண்டாவது பிரசவம் நெருங்கும்போது, தொந்தரவு வேண்டாமென்று மூத்த குழந்தையைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்து, பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தால், தன் இடத்தில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. அவள் என்ன நினைப்பாள்? போதாக்குறைக்கு, பார்க்க வரும் உறவினர்கள், "இனிமே உன்னை யாரும் கண்டுக்க மாட்டாங்க, பாப்பாதான் எல்லாருக்கும் செல்லம்" என்று வேடிக்கை பேசுகிறார்கள். கைகூப்பிக் கேட்கிறேன், அந்த வேடிக்கையை இந்த ஊரில் யாரும் இனிப் பேச வேண்டாம். அது வேடிக்கை என்பது குழந்தைக்குத் தெரியாது.

நான் சொன்ன கேம்பிரிட்ஜ் ஆய்வில் நமக்கு மிகவும் பயன்படும் செய்தி இதுதான். முதல் வாரங்களிலிருந்தே எந்தத் தாய்மார்கள் பாப்பாவைப் பற்றி மூத்த குழந்தையிடம் பேசினார்களோ, "ஏன் அழறான்னு நினைக்கிறே? பசியா இருக்குமோ? தூக்கிக்கலாமா?" என்று அவளையும் யோசிக்க வைத்தார்களோ, அந்த வீடுகளில் ஓராண்டுக்குப் பிறகும் பிள்ளைகளுக்குள் நட்பு கூடுதலாக இருந்தது. இதற்குப் பணம் வேண்டாம், பெரிய வீடு வேண்டாம். பாப்பாவைப் பற்றிய பேச்சில் அவளையும் சேர்த்துக்கொண்டால் போதும். பெயர் சூட்டும் நாளில் பாப்பாவின் காதில் அத்தையும் பாட்டியும் பெயர் சொல்கிறார்கள். அக்காவையும் தூக்கிப் பிடித்து, அவள் வாயாலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். புதுத்துணி, தண்டை, கிலுகிலுப்பை வாங்க பாண்டி பஜாருக்குப் போகும்போது அவளையும் கூட்டிப்போய், ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நாள்தோறும் கால் மணி நேரமாவது, பாப்பாவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, அம்மா அவளோடு மட்டும் இருக்கட்டும். தன் பங்கு குறையவில்லை என்று உறுதியானால்தான் அவளால் பங்கிட முடியும்.

ஓர் அக்காவின் அன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே கதைகள் உண்டு. இந்த மயிலாப்பூரில் பங்குனி மாதம் கபாலீசுவரர் கோயிலில் அறுபத்து மூவர் விழா நடக்கிறது. மாடவீதியில் நிற்க இடமிருக்காது. அந்த அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவராகத் திருநாவுக்கரசரும் வீதியுலா வருகிறார். அவருடைய அக்கா திலகவதியார் அந்த வரிசையில் இல்லை. சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். பெற்றோர் இறந்தார்கள். மணம் பேசிய கலிப்பகையாரும் போரில் இறந்தார். உயிர்விடத் துணிந்த திலகவதியாரின் காலில் சின்னஞ்சிறுவனான தம்பி விழுந்து அழுதார். அவருக்காகவே திலகவதியார் உயிர் தாங்கினார். பிற்காலத்தில் சூலை நோயோடு தம்பி திருவதிகைக்குத் தேடி வந்ததும் அந்த அக்காவிடம்தான். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப்போனவரும் அவர்தான். அப்பர் என்று நாம் கொண்டாடும் பெருமகனை வளர்த்துத் தந்தது ஓர் அக்கா. அடுத்த பங்குனியில் அப்பர் பல்லக்கு உங்கள் வாசலைக் கடக்கும்போது திலகவதியாரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடையாறில் இன்னோர் அக்கா. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியாத அந்தத் துயரம் அவரைப் பல ஆண்டுகள் விடவில்லை. 1952-இல் அடிக்கல் நாட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்குப் பின்னால் அந்தத் தங்கை இருக்கிறார். அதன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் மனத்துக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

அதே அடையாறுக்கு 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவருக்கு, உலகப் போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து வைத்தால், சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்துக் கற்பார்கள், பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித்தந்து வளர்வார்கள் என்பது அவருடைய கல்விமுறையின் அடித்தளங்களில் ஒன்று. பெற்றோர் இன்று தேடிப் போய்க் கட்டணம் கட்டிச் சேர்க்கும் அந்த வகுப்பறை, இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாயை விரித்ததும் அமைந்துவிடுகிறது.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. நம் பாட்டி காலத்து வீடுகளில் ஒரு பாப்பாவுக்கு நாலைந்து அக்காமார், சித்தி மகள், அத்தை மகள் என்று தூக்க இடுப்புகள் இருந்தன. ஒருத்தி விட்டாலும் இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். இன்று மூன்றாவது மாடியில், பூட்டிய கிரில் கதவுக்குள், ஒரு தாய், ஒரு பாப்பா, இரண்டு வயதில் ஓர் அக்கா. அந்தப் பாப்பாவுக்குக் கிடைத்திருப்பது அந்த ஓர் அக்காதான். ஒரே குழந்தையோடு நிறுத்திக்கொண்ட பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். அது உங்கள் முடிவு, அதில் குறையில்லை. எதிர்வீட்டுப் பாப்பாவை உங்கள் பெண் கொஞ்ச வரும்போது கதவைத் திறந்து வையுங்கள். அக்காவாக இருப்பதற்கு ஒரே வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பெற்றோர்களே, வீட்டுக்குப் போனதும் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பாயை விரித்துப் பாப்பாவைப் போடுங்கள். அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு நீங்களும் தரையில் உட்காருங்கள். "தொடாதே" என்று வாய்வரை வரும்போது, "இப்படித் தொடு" என்று சொல்லிக் காட்டுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் நீங்கள் சேர்த்து வைக்கும் சொத்தில் இதற்கு ஈடானது வேறொன்றும் இல்லை.